கோன் ஃபில்டர் வாங்கும் முன் ஒரு டியூப் வாங்குங்கள்

ஜி.பி. ரோடு கார் உதிரிபாகக் கடைகளில் தொங்கும் சிவப்பு கோன் ஃபில்டரை, அதாவது எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் கூம்பு வடிவ ஃபில்டரை, ஒருமுறையாவது கையில் எடுத்துப் பார்க்காத கார் பிரியர் சென்னையில் குறைவு. "போட்டதும் பிக்கப் தெரியும் சார்" என்பார்கள். தெரியுமா தெரியாதா என்பதைக் காசு கொடுக்கும் முன்பே அளந்து பார்த்துவிடலாம். அதற்குப் பள்ளியில் படித்த இயற்பியலே போதும்.

பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைகிறது. வெளியே இருக்கும் வளிமண்டலம் காற்றை உள்ளே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் இருக்கும் சென்னையில் அந்த அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். 1197 சி.சி. எஞ்சின் ஒன்று 6000 ஆர்.பி.எம்.மில் சுற்றினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3600 லிட்டர் காற்று இப்படி உள்ளே போக வேண்டும். வழியில் இருக்கும் ஏர் ஃபில்டர், ஹோஸ், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடி எல்லாம் அந்த 101-இல் கொஞ்சம் கொஞ்சம் தின்றுவிடுகின்றன. ஃபில்டரையும் ஹோஸையும் மாற்றி நாம் மீட்கக்கூடியது அவை தின்ற பங்கை மட்டும்தான்.

அந்தப் பங்கு எவ்வளவு? கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடி மாதிரியான டியூப் இருக்கிறதே, அதில் நான்கு மீட்டர் வாங்குங்கள். ஒரு பலகையில் ‘ப’ எழுத்தைப் போல வளைத்துக் கட்டி, பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை ஃபில்டருக்கும் த்ராட்டில் பாடிக்கும் நடுவே உள்ள ஹோஸில் ஒரு சின்ன நிப்பிள் வைத்துச் செருகுங்கள். மறுமுனை திறந்தே இருக்கட்டும். தண்ணீர் தவறிக்கூட எஞ்சினுக்குள் போகாமல் இருக்க, நடுவில் ஒரு காலி பாட்டிலை இணைப்பது அவசியம். சக்கரங்களை உருளைமேல் சுழலவிட்டுத் திறனை அளக்கும் டைனோவில் ஏற்றி, முழு த்ராட்டிலில் (ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து) ஓட்டும்போது இரு பக்க நீர்மட்டத்தையும் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளலாம். 10 செ.மீ. வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 1 கிலோபாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் 1 சதவீதம்.

வித்தியாசம் 15 செ.மீ. வந்ததாக வைத்துக்கொள்வோம். 80 குதிரைத்திறன் எஞ்சினில் ஃபில்டரையே கழற்றி எறிந்தாலும் கிடைப்பது சுமார் 1.2 குதிரைத்திறன். உலகின் எந்த ஃபில்டரும் அதற்கு மேல் தர முடியாது. மாறாக 40 செ.மீ. வந்தால் எங்கோ மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். அப்போது நிப்பிளை ஃபில்டருக்கு முன்பக்கம் மாற்றி இன்னொரு முறை பாருங்கள். அடைப்பு ஃபில்டரிலா, பாக்ஸுக்குக் காற்று கொண்டுவரும் முன்குழாயிலா என்பது தெரிந்துவிடும். அந்தக் குழாயில் காய்ந்த இலையும் எலி சேர்த்த குப்பையும் இருப்பது நம் ஊரில் அதிசயமே இல்லை.

இதெல்லாம் முழு த்ராட்டிலில். ஓ.எம்.ஆர். நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது கதையே வேறு. த்ராட்டில் தகடு பெரும்பாலும் மூடியே இருக்கும். அதைத் தாண்டி சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் மேனிஃபோல்டில் அழுத்தம் 30, 40 கிலோபாஸ்கல்தான் இருக்கும். மீதி 60-ஐ அந்தத் தகடு வேண்டுமென்றே தடுத்து வைத்திருக்கிறது, ஏனென்றால் நாம் ஆக்சிலரேட்டரை அவ்வளவுதான் மிதித்திருக்கிறோம். அங்கே ஃபில்டரில் ஒரு துளி இழப்பு குறைவதால் எதுவும் மாறாது. மைலேஜும் அப்படித்தான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் சோதித்தபோது, நவீன பெட்ரோல் கார்களில் அடைத்துப்போன ஃபில்டர்கூட மைலேஜைக் குறைக்கவில்லை. வேகமெடுக்கும் நேரம் மட்டும்தான் பாதிக்கப்பட்டது.

சென்னைக்காரர்கள் கவலைப்பட வேண்டியது வெப்பத்தைப் பற்றி. கம்பெனி ஃபில்டர் பாக்ஸ் பார்க்க அசிங்கமான கறுப்புப் பெட்டிதான், ஆனால் பெரும்பாலான கார்களில் அது கிரில்லுக்குப் பின்னாலிருந்து வெளிக்காற்றை எடுக்கிறது. அதைக் கழற்றி, பானெட்டுக்குள் திறந்தவெளியில் கோன் ஃபில்டரை வைத்தால், ரேடியேட்டரும் எக்ஸாஸ்ட்டும் சூடாக்கிய காற்றுதான் உள்ளே போகும். 35 டிகிரி காற்றுக்குப் பதில் 60 டிகிரி காற்று போனால் அடர்த்தி சுமார் 7.5 சதவீதம் குறையும். டியூபில் 1.5 சதவீதத்துக்கு அலைந்தோம், இங்கே 7.5 போகிறது. போதாததற்கு, சூடான காற்றில் நாக்கிங் (பெட்ரோல் தானாகவே வெடித்து எஞ்சின் தட்டுவது) வரும் என்பதால், எஞ்சினை இயக்கும் கணினியான இ.சி.யு. ஸ்பார்க் நேரத்தைத் தள்ளிப்போடும். இழுவை இன்னும் குறையும். காரின் சென்சார் அளவுகளைப் போனுக்கு அனுப்பும் ஓ.பி.டி. டாங்கிள் ஒன்றைச் செருகி, இன்டேக் காற்று வெப்பநிலையைப் போனில் பார்த்துக்கொண்டே ஒரு சிக்னலில் நின்று பாருங்கள். எண் ஏறுவது கண்ணெதிரே தெரியும்.

நம் புழுக்கமும் தன் பங்குக்கு எடுத்துக்கொள்கிறது. 35 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் உள்ள நாளில் காற்றில் கிட்டத்தட்ட 4 சதவீத இடத்தை நீராவி பிடித்துக்கொள்கிறது. அந்த அளவுக்கு ஆக்சிஜன் குறைவு. இதற்கு எந்தக் கடையிலும் மருந்தில்லை.

அப்படியானால் "வித்தியாசம் தெரியுது" என்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை, அவர்களுக்குத் தெரிவது சத்தம். கம்பெனி பாக்ஸில் ரெசொனேட்டர் என்றொரு காற்றறை உண்டு, இன்டேக் இரைச்சலை அடக்குவதற்காக. அது போனதும் எஞ்சின் உறுமுகிறது, கார் வேகமாகப் போவதாகக் காது நம்பிவிடுகிறது. சில எஞ்சின்களில் அந்த அறையும் குழாயின் நீளமும் காற்றில் எழும் அழுத்த அலைகளைக் கணக்கிட்டே வடிவமைக்கப்பட்டவை. அவற்றை எடுத்தால் குறைந்த ஆர்.பி.எம்.மில் இழுவை போகும், நாம் தினமும் ஓட்டுவதே அந்த ஆர்.பி.எம்.மில்தான்.

மெட்ரோ வேலை நடக்கும் சாலைத் தூசியையும் மறக்கக் கூடாது. நல்ல பேப்பர் ஃபில்டர் தடுக்கும் மணல் துகள், பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் தேய்க்கக்கூடியது. எண்ணெய் பூசிய துணி ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால் உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்-ஃப்ளோ சென்சாரின் மெல்லிய கம்பியில் அது படிந்து ரீடிங் தவறும். பேப்பர் ஃபில்டரை கம்ப்ரஸரில் ஊதுவதையும் விட்டுவிடுங்கள். மடிப்பில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழலாம். சில நூறு ரூபாய்க்குப் புதிதே கிடைக்கிறது.

அப்புறம் மழை. பம்பருக்குப் பின்னால் தாழ்வாக வாயை வைக்கும் கோல்ட் ஏர் இன்டேக், குளிர்ந்த காற்றைத் தருவது உண்மை. ஆனால் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தும் ஊர் இது. 11:1 கம்ப்ரஷன் உள்ள 1.2 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சினில், பிஸ்டன் மேலே வந்ததும் மிஞ்சும் இடம் சிலிண்டருக்கு 30 மி.லி. தான்: 10 மி.லி. மருந்து மூடியில் மூன்று மூடி. அதற்கு மேல் தண்ணீர் போனால், தண்ணீர் சுருங்காது, கனெக்டிங் ராட்தான் வளையும். சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசிகள் பெரும்பாலும் இதற்குப் பணம் தருவதில்லை, எஞ்சின் புரொடெக்ட் ஆட்-ஆன் வேண்டும். எஞ்சினில் மாற்றம் செய்திருந்தால் க்ளெய்மில் இன்னும் சிக்கல். கார் தண்ணீரில் நின்றுபோனால் திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது.

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவர் என்றால், மூடிய பாக்ஸ், கிரில்லில் இருந்து பெரிய குழாய், அதற்கேற்ற ரீமேப் (இ.சி.யு. மென்பொருளை மாற்றுவது) என்று மூன்றையும் சேர்த்துச் செய்வதில் பொருள் உண்டு. டர்போ கார் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இன்டர்கூலர். 35 டிகிரி காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்கு நெருக்கினால் அது 100 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டை எடுக்கும் இன்டர்கூலரின் துடுப்புகளில் பூச்சியும் மண்ணும் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். அதற்குப் பிறகும் முழு த்ராட்டிலில் இன்டேக் வெப்பநிலை ஏறிக்கொண்டே போனால் பெரிய இன்டர்கூலருக்குக் கொடுக்கும் காசு வீணாகாது.