சார்ட் (sort): வகைப்படுத்தலா, வரிசைப்படுத்தலா?

நிரல்களின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவியில், பதிப்புகளுக்கு இடும் பெயர்ச்சீட்டுகளான டேக்குகளைச் (tag) சும்மா பட்டியலிட்டுப் பாருங்கள். 1.10 முன்னால் வந்து நிற்கும், 1.9 அதற்குப் பின்னால் வரும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் அப்படித்தான் ஆகும். புள்ளிக்கு அடுத்து 1 இருப்பது 9-க்கு முந்திவிடுகிறது. 2014-இல் வெளியான கிட் 2.0, டேக் கட்டளைக்கு 'சார்ட்' என்ற தெரிவைக் கொடுத்து, பதிப்பெண்ணைப் பதிப்பெண்ணாகவே பார்க்க வழி செய்தது. யுனிக்ஸ் இயங்குதளத்தில் அதே பெயரில் தனிக் கட்டளை 1971-இலேயே உண்டு.

இந்தச் சார்ட்டைத் தமிழில் சிலர் 'வகைப்படுத்து' என்கிறார்கள், சிலர் 'வரிசைப்படுத்து' என்கிறார்கள். குழப்பம் மூலத்திலேயே இருக்கிறது. லத்தீனில் 'சோர்ஸ்' என்றால் திருவுளச்சீட்டு, சீட்டில் ஒருவருக்கு விழுந்த பங்கு. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அது இனம், வகை என்றாகி, பிறகு இனம் இனமாகப் பிரிக்கும் வினையானது. அஞ்சலகத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிப்பதை இன்றும் சார்ட்டிங் என்றுதான் சொல்கிறார்கள். கணினிக்காரர்கள் அதையே முன்பின்னாக அடுக்குவதற்கு எடுத்துக்கொண்டார்கள். சீட்டுக் குலுக்கலில் பிறந்த சொல் இப்படி ஒழுங்குக்குப் பெயரானது வேடிக்கைதான். (க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் தொகுப்பின் சார்ட்டில் வரிகளைக் கலைத்துப் போடவும் ஒரு தெரிவு இருக்கிறது!)

சரி, எது பொருந்தும்? வேலை முடிந்தபின் 'மூன்றாவது எது?' என்று கேட்டுப் பாருங்கள். கடிதக் கட்டுகளில் அந்தக் கேள்விக்கு இடமில்லை, அது வகைப்படுத்தல். டேக் பட்டியலில் விடை உண்டு, ஆகவே அது வரிசைப்படுத்தல். சிறியதிலிருந்து பெரியதுக்குப் போனால் ஏறுவரிசை, திருப்பினால் இறங்குவரிசை. பள்ளிக் கணக்கிலேயே பழகிய சொற்கள், புதிதாக எதையும் ஆக்க வேண்டாம்.

வரிசை என்றதும் நமக்கு ரேஷன் கடைதான் நினைவுக்கு வரும். பழைய பொருள் தகுதி, அதற்கேற்ற மரியாதை. சீர்வரிசையில் அந்த வாடை இன்னும் இருக்கிறது. புறநானூறு 121-இல் கபிலர் மலையமான் திருமுடிக்காரியிடம் 'வரிசை அறிதலோ அரிதே' என்கிறார். பரிசு கேட்டு வந்தவர்களையெல்லாம் ஒரே கண்ணால் பார்க்காதே, தகுதி அறிந்து கொடு என்பது பேச்சு. எதை வைத்து முன்பின் தீர்மானிப்பது என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சார்ட் தெரிவுக்குப் பெயரா, தேதியா, பதிப்பெண்ணா என்று நாம் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தான்.

தமிழ்ச் சொற்களுக்கு இந்தக் கேள்வி கூடுதலாகக் கடிக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறியெண் தரும் யூனிகோடில் 'ன' 'ந'-வை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. நம் நெடுங்கணக்கில் அது கடைசி மெய். குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் கருவி பனையை முதலில் வைத்துப் பலாவை அப்புறம் வைக்கும். அகராதியில் பலாதான் முதலில். உங்கள் கருவியில் இந்தத் தெரிவைச் சேர்த்தால், இந்த இரண்டு மரங்களையும் கொடுத்துச் சோதித்துவிடுங்கள்.