கில்ட் ஓரம் ஏன் அலையடிக்கிறது?

பெங்களூரில் சிக்பேட்டையிலிருந்து கட் பீஸ்களை அள்ளிவந்து வீட்டில் கில்ட் (துண்டுத் துணிகளை ஒட்டி, அடுக்காக வைத்துத் தைக்கும் போர்வை) தைக்கிற நம் ஆட்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. நடுப்பகுதி தரையில் ஒழுங்காகப் படிந்திருக்கும், ஓரம் மட்டும் அலையலையாக எழும்பும். பழி பெரும்பாலும் மெஷின் மேல் விழும், இல்லையென்றால் கடைசியில் ஓரத்தை மூடி வைத்த துணிப்பட்டையான பைப்பிங் மேல். கோளாறோ அதற்கு வெகுமுன்பே, துணியை வெட்டிக் கையில் தூக்கியபோதே தொடங்கியிருக்கும்.

நெய்த துணியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் செங்கோணத்தில் குறுக்கிடுகின்றன. நூல் போகும் வாக்கில் இழுத்தால் நூலே நீள வேண்டும். பருத்தி நூல் லேசில் நீளாது. (தறியில் பாவை விறைப்பாகக் கட்டுவதால் ஊடை சற்றுக் கூடுதலாக இழுபடும்.) மூலைவாட்டில், தையற்காரர்கள் ‘கிராஸ்’ என்கிற வாக்கில், இழுத்தால் கதையே வேறு. எந்த நூலும் நீள்வதில்லை. குறுக்கிடும் கோணம் சாய்கிறது, அவ்வளவுதான். கிராஸ் கட் பிளவுஸ் உடம்போடு பொருந்துவதும் இந்தக் குணத்தால்தான்.

எவ்வளவு சாய்ந்தால் கெடும்? 90 டிகிரி கோணம் 87.7 ஆனாலே கிராஸ் வாக்கில் 2 சதவீதம் நீளம் கூடிவிடும். 60 அங்குல ஓரம் 61.2 ஆகும். ஒன்றேகால் அங்குலம்கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் இரு முனைகளும் நடுப்பகுதியோடு பிணைந்திருப்பதால் அந்த மிச்சம் பக்கவாட்டில் போக முடியாது, மேலேதான் எழும்ப வேண்டும். அது ஒரே வளைவாக எழுந்தால் உயரம் சுமார் 5.4 அங்குலம்! ஆறு மடிப்பாகப் பிரிந்து மேலும் கீழுமாக வளைந்தாலும் ஒவ்வொன்றும் முக்கால் அங்குலத்துக்கு மேல் வரும். உயரம், மிச்ச நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து வளர்வதால் வரும் வினை இது. கண்ணுக்கே தெரியாத இழுவைகூடக் கண்ணுக்குத் தெரிகிற அலையாக எழும்பிவிடும்.

கிராஸ் ஓரத்துக்கு எப்படி வருகிறது? சதுரங்களைச் சாய்த்து அடுக்கும் டிசைனில் ஓர இடைவெளிகளை முக்கோணங்களால் நிரப்புவோம். சதுரத்தை ஒரே மூலைவாட்டில் வெட்டினால் இரண்டு முக்கோணம். அவற்றின் நீளமான பக்கம் கிராஸ். அதையே இரு மூலைவாட்டிலும் வெட்டினால் நான்கு. நீளமான பக்கம் நேர்நூலில், அதாவது நூல் போகும் வாக்கில், அமையும். ஓரத்தில் வைக்க இந்த இரண்டாவதுதான் சரி. பாதிப் பிரச்சினை கத்தரிக்கோலிலேயே தீர்ந்துவிடும்.

மீதிக்கு ஓரத் தையல். விளிம்பிலிருந்து 1/8 அங்குலம் உள்ளே, சுற்றிலும் ஒற்றைத் தையல் ஓட்டினால் போதும். பைப்பிங் வைக்கும் 1/4 அங்குல இடத்துக்குள் அது மறைந்துவிடும். தையல் நூல் கிராஸ் வாக்கிலேயே ஓடுவதால், கோணம் சாயப் பார்க்கும்போது அது குறுக்கே நின்று தடுக்கிறது. விளிம்பில் வந்து முடியும் ஒட்டுத் தையல்கள் பிரியாமலும் காக்கிறது. அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் கில்ட்டிங்கின்போது மெஷினின் பல் கீழ்த்துணியை நகர்த்த, மேலே அழுத்தும் ஃபுட் மேல்துணியைத் தேய்த்து முன்னே தள்ளும். அந்தத் தளர்வு விளிம்புக்கு வந்து சேரும்போதும் இந்தத் தையல் தாங்கும். “இழுக்காதீங்கம்மா, அது தானா ஓடட்டும்” என்று டெய்லர்கள் சொல்வது இங்கே ரொம்பப் பொருந்தும்.

ஒரு எச்சரிக்கை, பலரும் இதை விட்டுவிடுகிறார்கள்: ஏற்கெனவே நீண்டுவிட்ட ஓரத்தில் தைத்தால் தப்பையே நிரந்தரமாக்கிவிடுவோம். முதலில் கில்ட்டின் நடுவில் அளந்து, ஓரத்தையும் அளந்து பாருங்கள். ஓரம் கூடியிருந்தால் நீளமான தையல் போட்டு, பாபின் நூலை (அடிநூலை) மெல்ல இழுத்து நடு அளவுக்குக் கொண்டுவரலாம்.

வெட்டுவதற்கு முன்பே கஞ்சி போடுவது இன்னும் நல்லது. கஞ்சியின் ஸ்டார்ச்சும் பருத்தியின் செல்லுலோஸும் இரண்டுமே குளுக்கோஸ் சங்கிலிகள். ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கொள்கின்றன. காய்ந்த படலம் நூல்கள் சந்திக்கும் இடங்களைப் பூட்டிவிடும். ஈரம் பட்டால் அந்தப் பிணைப்பு தளரும். ஆகவே நீராவி அயர்னை ஓரத்தில் தள்ளித் தள்ளித் தேய்க்கக் கூடாது. வைத்து எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் அலசிவிடுங்கள், கஞ்சி பூச்சிகளுக்குத் தீனி.

உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி (ஆப்பிரிக்க வம்சாவளி) சமூகப் பெண்கள் தைக்கும் ‘கவந்தி’ என்கிற கில்ட் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்க்கிறது. ஓரத்தை மடித்து, மூலையிலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்நோக்கிக் கையால் தைக்கிறார்கள். ஓரம்தான் முதலில் நிலைபெறுகிறது. தனியே பைப்பிங்கும் தேவையில்லை.

நம் மெஷின் கில்ட்டுக்குப் பைப்பிங் வேண்டும். வளைந்த ஓரத்துக்கு மட்டும் கிராஸ் பட்டை வெட்டுங்கள். நேர் ஓரத்துக்கு நேர்நூல் பட்டையே போதும். துணியும் கொஞ்சம் மிச்சமாகும்.