இட்லிப் பானையும் அலாய் வீலும்

அலுமினிய இட்லிப் பானையில் தண்ணீர் ஊற்றியதும் அம்மா ஒரு துண்டு புளியோ, பிழிந்துபோட்ட எலுமிச்சைத் தோலோ உள்ளே போட்டுவிடுவார். மறந்தால் போர் தண்ணீர் பட்ட மட்டத்துக்குப் பானை கறுத்துப் போகும். காரின் அலாய் வீலை, அதாவது அலுமினியக் கலவையில் வார்த்த சக்கரத்தைச் சுத்தம் செய்வதில் உள்ள வேதியியலில் பாதி இந்தப் பானைக்குள்ளேயே இருக்கிறது என்பது, சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் நாலு பழைய வீல் வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

அலுமினியம் காற்றுப் பட்டவுடன் தன்மேல் ஆக்சைடுத் தோல் ஒன்றைப் போர்த்திக்கொள்ளும். கனம் சில நானோமீட்டர்தான். தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய இருபதாயிரத்தில் ஒரு பங்கு. இந்தத் தோல்தான் உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கிறது. உப்புக்கரிக்கும் காரத் தண்ணீர் கொதிக்கும்போது அது நீரேறித் தடித்துக் கறுக்கிறது. புளி காரத்தை முறிப்பதால் பானை தப்பிக்கிறது.

பெரும்பாலான அலாய் வீல்கள் வெறும் அலுமினியம் இல்லை. நூற்றுக்கு 7 பங்கு போல சிலிக்கானும், ஒரு பங்கில் மூன்றில் ஒன்றளவு மெக்னீசியமும் கலந்து வார்த்தவை. அதன்மேல் பிரைமர், பெயின்ட், கடைசியாக நிறமில்லாத கிளியர் கோட்.

நான் வாங்கிய வீல்களில் காப்பித்தூள் தெளித்ததுபோல் பழுப்புப் புள்ளிகள். சோப்பு, பிரஷ், பெட்ரோல் எதற்கும் அசையவில்லை. காரணம், அது அழுக்கே இல்லை, இரும்பு. பிரேக் மிதிக்கும்போது, சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்பு டிஸ்க்கும் அதை அழுத்திப் பிடிக்கும் பேடும் தேய்ந்து, பொடி சூட்டோடு பறந்து வந்து கிளியர் கோட்டில் குத்தி நிற்கிறது. நம் கடற்காற்றில் நின்ற இடத்திலேயே துருப்பிடித்து வேர்விடுகிறது.

இதை எடுக்கக் கடைகளில் ‘அயர்ன் ரிமூவர்’ கிடைக்கும். அடித்த ஒரு நிமிடத்தில் வீலில் கத்தரிப்பூ நிறத்தில் வழியும்; அழுகிய முட்டை நாற்றம் வேறு. அதில் இருப்பது தயோகிளைகோலேட் என்ற உப்பு. முடி நீக்கும் கிரீமில் இருப்பதும் இதே குடும்பம்தான். கந்தகம் உள்ள அந்த மூலக்கூறு இரும்பைக் கவ்விக் கரைத்து வெளியே இழுக்கிறது. இரும்பும் அதுவும் சேர்ந்த சேர்மத்தின் நிறம்தான் அந்த ஊதா. கிளியர் கோட்டை ஒன்றும் செய்வதில்லை. காயவிடாமல் அலசிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இது தெரியாத காலத்தில் ஒரு வாட்டர் வாஷ் கடையில், “ஒண்ணும் பயப்படாதீங்க சார், எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் வெண்ணெய் மாதிரி போயிடும்” என்று ஏதோ அடித்தார்கள். கிளியர் கோட் உரிந்திருந்த இடங்கள் நுரைத்தன. காஸ்டிக் சோடா. அது ஆக்சைடுத் தோலைக் கரைத்து, அடியில் உள்ள அலுமினியத்தையும் தின்னும். நுரையில் வருவது ஹைட்ரஜன். ஒரு வீல் சாம்பல் பூசியது மாதிரி வெளுத்துவிட்டது. இன்னொரு பக்கம், சில கடைகளில் பெயரில்லாத கேனில் வரும் ‘வீல் ஆசிட்’ ஹைட்ரோஃபுளோரிக் அமிலமாக இருந்தால் ஆபத்து வீலுக்கு மட்டுமில்லை. தோலில் பட்டால் முதலில் எரிச்சல்கூடத் தெரியாமல் எலும்புவரை இறங்கும் அமிலம் அது. கேனில் என்ன இருக்கிறது என்று சொல்லாத கடையில் வண்டியை விடமாட்டேன்.

கிளியர் கோட்டுக்கு அடியில் வெள்ளை நூல்கள் புழுப்போல ஊர்ந்திருந்தால் கதை வேறு. கல் தெறித்த ஓட்டை வழியே உப்பும் ஈரமும் நுழைந்து, பூச்சுக்கும் உலோகத்துக்கும் நடுவே அரித்துக்கொண்டே நகர்கின்றன. நூலின் தலைப்பக்கம் ஆக்சிஜன் குறைவு, அமிலம் அதிகம். வால்பக்கம் காற்று நுழைகிறது. இந்த வேறுபாடே ஒரு குட்டி பேட்டரியாகி அதை முன்னே தள்ளுகிறது. கடலோரமாகப் போகும் ஈசிஆர் சாலை ஓரம் நிற்கும் வண்டிகளில் இது சகஜம். லேத்தில் கடைந்து பளபளப்பாக விட்ட டயமண்ட் கட் வீல்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும். அங்கே உலோகத்துக்கும் காற்றுக்கும் நடுவே கிளியர் கோட் மட்டுமே. மேலே பாலிஷ் போட்டு இதை மறைக்க முடியாது. பூச்சு முழுவதையும் உரித்தாக வேண்டும்.

உரிக்க சாண்ட் பிளாஸ்டிங் என்பார்கள்; காற்றழுத்தத்தில் துகள்களை வீசியடிப்பது. பெயரில் மணல் இருந்தாலும் நல்ல பட்டறையில் கண்ணாடி மணியோ அலுமினிய ஆக்சைடு துகளோதான் பயன்படுத்துவார்கள். மணல் தூள் அடிப்பவரின் நுரையீரலைக் கெடுத்துவிடும். பிறகு பவுடர் கோட்டிங். துப்பாக்கியில் பல்லாயிரம் வோல்ட் மின்னேற்றம் பெற்ற பொடி, எர்த் செய்த வீலைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிறது, பின்பக்கம்கூட. பிறகு சுமார் 200 டிகிரி அடுப்பில் பத்திருபது நிமிடம் உருகி இறுகும்.

இங்கேதான் கண்ணுக்குத் தெரியாத கண்டம். வீலுக்கு வலிமை வந்ததே சூட்டுப் பக்குவத்தால். தொழிற்சாலையில் 540 டிகிரிவரை காய்ச்சி, சட்டென்று தண்ணீரில் குளிரவைத்து, 150-ஐ ஒட்டிய சூட்டில் சில மணி நேரம் வைப்பார்கள். அப்போது மெக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்து நுண்துகள்களாக உலோகம் முழுக்கத் தூவிக்கிடக்கும். அவைதான் உலோகம் வளையாமல் தடுக்கும் ஆணிகள். சூடு மிஞ்சினால் ஆணிகள் ஒன்றோடொன்று கூடிப் பருத்து, எண்ணிக்கை குறைந்து, வீல் மெத்தென்றாகும். ஒருமுறை பவுடர் கோட்டிங் பரவாயில்லை. அடுப்பில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய் மறந்தாலோ, பெண்டு எடுக்க கேஸ் பர்னரை நேரே காட்டினாலோ, விரிசலுக்கு வெல்டிங் வைத்தாலோ, பளபளப்பு மட்டும்தான் மிஞ்சும். விரிசல் விட்ட வீலை நான் எடைக்குத்தான் போடுவேன்.

அம்பத்தூர் பக்கம் ஒரு பட்டறையில் மிஞ்சிய மூன்று வீல்களைக் கொடுத்தேன்; நாலாவதைத் தேடி மறுபடி புதுப்பேட்டை அலைந்தது தனி. பட்டறைக்காரர் நட்டு உட்காரும் குழிகளில் டேப் ஒட்டி மறைத்துக்கொண்டிருந்தார். “அங்கயும் அடிச்சா அழகா இருக்குமேண்ணே?” என்றேன்.

“அழகா இருக்கும் சார். கழண்டும் வரும்.”

பூச்சு எவ்வளவு இறுகினாலும் நட்டின் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கும். அது நசுங்கும் அளவுக்கு போல்ட்டின் இழுவிசை குறையும். அச்சு முனையில் வீலைத் தாங்கும் ஹப்பில் வீல் உட்காரும் பின்முகத்துக்கும் இதே கணக்கு.

மாட்டிய வாரமே மகாபலிபுரம் போய்த் திரும்பி, வண்டி ஆறியதும், நட்டின் இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சை வைத்தேன். பதினாறு நட்டில் மூன்று லேசாக நகர்ந்தன. மூன்றும் அந்த நாலாவது வீலில். முன்பு யாரோ குழியோடு சேர்த்துப் பெயின்ட் அடித்து விற்றிருக்கிறார்கள்.