பரிணாமம் பற்றிய கடினமான கேள்விகளும் நாம் சொல்லும் பதில்களும்

"பாக்டீரியா எத்தனை மருந்துகளுக்குத் தப்பினாலும் பாக்டீரியாவாகத்தானே இருக்கிறது? அது வேறோர் உயிராக மாறியதை யாராவது பார்த்திருக்கிறார்களா?" மருத்துவ நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வளர்ப்புத் தட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, மருந்து வில்லையின் விளிம்பு வரை கிருமிகள் வளர்ந்து நிற்பதை விளக்கிக்கொண்டிருந்தபோது, பயிற்சிக்கு வந்திருந்த இளம் மருத்துவர் ஒருவர் இப்படிக் கேட்டார். உயிர்கள் அனைத்தும் தனித்தனியே படைக்கப்பட்டவை என்று நம்புபவர் அவர். "பள்ளிப் பாடத்தை மறுபடியும் ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள்" என்றேன். உடனிருந்தவர்கள் சிரித்தார்கள். பயிற்சிக்காலம் முடியும் வரை அவர் என்னிடம் வேறு எதையும் கேட்கவில்லை, மருந்தளவு குறித்த ஐயங்களைக்கூட. அவர் கேட்டது நல்ல கேள்வி என்பதும், அதற்கு முழுமையான பதில் அன்று என்னிடம் இருக்கவில்லை என்பதும் எனக்குப் பின்னர்தான் விளங்கியது.

பரிணாமத்தை ஏற்பவர்களுக்கும் படைப்புவாதிகளுக்கும் இடையிலான வாதம் பழையது. 1859-இல் தம் கோட்பாட்டை நூலாக வெளியிட்ட டார்வினே, அதற்கு எதிரான சிக்கல்களுக்கென்று தனி அத்தியாயம் ஒதுக்கினார். கண் போன்ற நுட்பமான உறுப்பு எப்படி உருவாகியிருக்கும், இடைநிலை உயிர்கள் ஏன் அரிதாகவே தென்படுகின்றன என்ற கேள்விகளை எதிராளிகள் எழுப்பும் முன்பே அவர் எழுப்பிக்கொண்டார். 1860-இல் ஆக்ஸ்ஃபோர்டில் டார்வினை ஆதரித்த ஹக்ஸ்லியும் அவரை எதிர்த்த ஆயர் வில்பர்ஃபோர்ஸும் மோதிக்கொண்டதிலிருந்துதான் இந்த வாதம் மேடைக்குரிய காட்சியாக மாறியது என்று எனக்குத் தோன்றுகிறது. மேடையில் ஒரு நிமிடத்தில் பத்துக் கேள்விகளை வீச முடியும். அவற்றில் ஒன்றுக்குப் பதில் சொல்லவே ஒரு மணி நேரம் போதாது. ஆகவே மேடையில் வென்றவர் யார் என்பதை வைத்து எந்தக் கோட்பாட்டையும் எடைபோட முடியாது.

நிதானமாகக் கேட்கும் இடத்தில் நிலைமை வேறு. 2005-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், உயிர்களை அறிவுள்ள ஒருவர் வடிவமைத்தார் என்ற கருத்தை அறிவியல் வகுப்பில் முன்வைக்கலாமா என்ற டோவர் பள்ளி வழக்கில், பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் வால் போன்ற கசையிழை பல வாரங்கள் நடந்த விசாரணையில் அலசப்பட்டது. ஒரு பாகத்தை நீக்கினாலும் இயங்காத இந்த உறுப்பு படிப்படியாக உருவாகியிருக்க முடியாது என்பது வடிவமைப்பு வாதத்தினரின் கூற்று. கசையிழையின் புரதங்களில் ஒரு பகுதிக்கு நெருங்கிய உறவுடைய புரதங்கள், சில கிருமிகள் நம் செல்களுக்குள் நச்சைச் செலுத்தப் பயன்படுத்தும் ஊசி போன்ற அமைப்பில் இருக்கின்றன என்பது மறுதரப்பின் பதில். அதாவது, பாகங்கள் சில குறைந்தாலும் அமைப்பு வேறொரு வேலையைச் செய்யக்கூடும். அறிவார்ந்த வடிவமைப்பு என்ற கருத்து அறிவியல் அன்று என்றும், அரசுப் பள்ளியின் அறிவியல் வகுப்பில் அதற்கு இடமளிப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்றும் நீதிபதி தீர்ப்பளித்தார்.

குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் குரங்குகள் ஏன் இன்னும் இருக்கின்றன என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. இன்றைய குரங்கு எதுவும் நம் பாட்டன் அன்று. நமக்கும் அவற்றுக்கும் பொதுவான மூதாதை இருந்தது, அவ்வளவுதான். ஒழுங்கின்மை பெருகும் என்ற வெப்பவியல் விதியைக் காட்டுபவர்களுக்கு, பூமி சூரியனிடமிருந்து ஓயாமல் ஆற்றலைப் பெறுகிறது என்பதே விடை.

என் துறையைத் தொடும் கேள்விக்கு வருகிறேன். அதன் வலுவான வடிவம் இது: மருந்தை எதிர்க்கும் திறன் கிருமிகளிடம் முன்பே இருந்தது, மருந்து அதைப் பொறுக்கி எடுத்தது மட்டுமே, புதிதாக எதுவும் உருவாகவில்லை. இதில் பாதி உண்மை உள்ளது, அதை மறைக்கக் கூடாது. சுமார் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வில் மருந்தெதிர்ப்பு மரபணுக்கள் இருந்தன என்று 2011-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பூஞ்சைகளும் மண்ணின் பாக்டீரியாக்களும் நமக்கு வெகு காலம் முன்பே ஒன்றையொன்று தாக்க நச்சுப்பொருள்களைச் சுரந்து வந்ததால், இதில் வியப்பில்லை.

மறுபாதியைக் காசநோய் காட்டுகிறது. ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கட்டுப்பட்டிருந்த கிருமி, சிகிச்சை சரிவர நடக்காத நோயாளியின் உடலுக்குள்ளேயே, ஒரு மரபணுவின் ஓரெழுத்து பிழையாகப் படியெடுக்கப்பட்டதால் அந்த மருந்துக்குக் கட்டுப்படாததாக மாறுவதை நாங்கள் பார்க்கிறோம். முதலில் எடுத்த மாதிரியில் காணப்படாத மாற்றம் பின்னர் எடுத்த மாதிரியில் இருக்கும். இத்தகைய பிழை ஏறக்குறைய 10 கோடிக் கிருமிகளில் ஒன்றில் நேர்கிறது. ஐசோனியாசிட் மருந்தை எதிர்க்கும் மாற்றம் ஏறக்குறைய 10 லட்சத்தில் ஒன்றில். நுரையீரலில் குழிவிழுந்த ஒரு புண்ணில் 10 கோடிக் கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால், ஒரே மருந்தைக் கொடுத்தால் தப்பிப்பிழைக்கும் கிருமி ஏற்கெனவே அங்கே காத்திருக்கும் என்று கொள்ளவேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தாலோ, இரண்டையும் ஒருங்கே எதிர்க்கும் கிருமி கோடி கோடியில் ஒன்றாகத்தான் இருக்கும். 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஒரே மருந்தை மட்டும் பெற்ற காசநோயாளிகளில் பலர் முதலில் தேறிப் பிறகு மீண்டும் நலிந்ததற்குக் காரணம் இதுவே. காசநோய்க்கு இன்று பல மருந்துகளைச் சேர்த்து, மாதக்கணக்கில், ஒரு நாளும் விடாமல் உட்கொள்ளச் சொல்வது இந்தக் கணக்கை நம்பித்தான். நம்பிக்கை எதுவாக இருந்தாலும் எல்லா மருத்துவர்களும் இதே சீட்டைத்தான் எழுதுகிறார்கள்.

இருந்தும், "அது பாக்டீரியாவாகத்தானே இருக்கிறது" என்ற பகுதி எஞ்சி நிற்கிறது. அமெரிக்க உயிரியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கி 1988-இல் தொடங்கி 12 குடுவைகளில் ஈ.கோலை பாக்டீரியாவைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார். 30,000 தலைமுறைகளுக்குப் பிறகு ஒரே ஒரு குடுவையில் மட்டும், உயிர்வளி இருக்கும்போதே சிட்ரேட் என்ற பொருளை உண்ணும் வகை தோன்றியது; வழக்கமான ஈ.கோலையால் அது இயலாது. பழைய மரபணு ஒன்று இரட்டித்து, மரபணுவைச் செயல்படவைக்கும் வேறோர் இயக்குபகுதிக்கு அருகில் அமர்ந்ததால் நேர்ந்த மாற்றம் அது. பழைய பொருளிலிருந்து புதிய திறன் பிறந்ததை அது காட்டுகிறது. பாக்டீரியா மீனானதை அது காட்டவில்லை, எந்த ஆய்வகமும் காட்டவும் முடியாது. ஆய்வகத் தட்டு ஒன்றை வைத்துக்கொண்டு பல கோடி ஆண்டு வரலாற்றையே நிறுவிவிட்டதாகப் பேசும் என் போன்றோர்தான் இங்கே தவறு செய்கிறோம்.

அந்த வரலாற்றுக்கான சான்று வேறிடங்களில் இருக்கிறது. மீனுக்கும் நாற்கால் உயிருக்கும் இடைப்பட்ட உயிர் எந்த வயதுப் பாறையில் கிடைக்கவேண்டும் என்று முன்கூட்டியே கணித்துத் தேடி, கனடாவின் ஆர்க்டிக் தீவொன்றில் சுமார் 37.5 கோடி ஆண்டு பழைய பாறையில் டிக்டாலிக் என்ற அத்தகைய உயிரின் புதைபடிவத்தைக் கண்டெடுத்தார்கள். வாலில்லாப் பெருங்குரங்குகளுக்கு 48 குரோமோசோம்களும் நமக்கு 46-ம் இருக்க, நம் இரண்டாம் குரோமோசோமின் நடுவே இரு குரோமோசோம் முனைகள் ஒட்டிய தடம் இருக்கிறது; மூதாதையின் இரு குரோமோசோம்கள் ஒன்றானதன் அடையாளம் அது. ஒரே படைப்பாளி ஒரே பாகங்களைப் பல உயிர்களில் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்பவருக்கு, நான் பழுதுகளைக் காட்டுவேன். வைட்டமின் சி தயாரிக்கும் மரபணு நமக்கும் சிம்பன்சிக்கும் பழுதான நிலையில், பல பொதுவான சிதைவுகளோடு எஞ்சியிருக்கிறது. கினி எலியில் அதே மரபணு வேறு விதமாகச் சிதைந்திருக்கிறது. ஒரே பழுதைப் பகிர்வது ஒரே மூதாதையிடமிருந்து பெற்றதால்தான் என்பதே எளிய விளக்கம்.

முதல் உயிர் எப்படித் தோன்றியது என்று கேட்டால், தெரியாது என்றே இப்போது சொல்கிறேன். பெருகவும் பிழைபடவும் வல்ல ஒன்று இருந்தபின் நடப்பதையே பரிணாமக் கோட்பாடு விளக்குகிறது. மனித மண்டையோட்டையும் வாலில்லாக் குரங்கின் தாடையையும் சேர்த்து மனித மூதாதை என்று காட்டிய பில்ட்டவுன் மண்டையோட்டு மோசடியை யாராவது எடுத்துச் சொன்னால் அதையும் ஒப்புக்கொள்கிறேன்: 1912 முதல் 1953 வரை அது நம்மவர்களை ஏமாற்றியது, வேதிச் சோதனையால் அதை வெளிப்படுத்தியவர்களும் அறிவியலாளர்களே. கடவுள் உண்டா என்ற கேள்விக்கு என் தட்டுகளில் பதில் இல்லை. இருபதாம் நூற்றாண்டுப் பரிணாம உயிரியலின் முன்னோடிகளில் ஒருவரான டோப்ஷான்ஸ்கி இறைநம்பிக்கை உடையவர். நம்பிக்கையைக் கைவிட்டால்தான் உயிரியல் கற்கலாம் என்று நிபந்தனை விதித்தால், மாணவர் உயிரியலையே கைவிடுவார்.

அண்மையில் இன்னொரு பயிற்சி மருத்துவர் அதே கேள்வியைக் கேட்டார். இம்முறை தாளை எடுத்து, 10 கோடியையும் 10 லட்சத்தையும் எழுதி, இருவருமாகப் பெருக்கிப் பார்த்தோம். பொது மூதாதை பற்றித் தமக்கு இன்னும் ஒப்புதல் இல்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். அன்று பிற்பகலில், இரண்டு மாதத்தில் உடல் தேறிவிட்டதால் மாத்திரையை நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்ட ஒரு நோயாளியின் அருகில் அமர்ந்து, அதே தாளின் பின்பக்கத்தில் அதே எண்களை அவர் எழுதிக்கொண்டிருந்தார். மறுவாரம் குரோமோசோம் பற்றிய கேள்வியோடு வந்தார்.