காது அடைப்புக்கு மூக்கில் ஏன் பார்க்கிறோம்?

“காது அடைத்திருக்கிறது என்றுதானே வந்தேன், மூக்கில் எதற்கு டாக்டர் குழாயை விடுகிறீர்கள்?”

காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் எல்லோரும் கேட்டுப் பழகிய கேள்வி இது. அந்தக் கேள்விக்கு இடம் கொடுக்காமல் ஒருவரை அனுப்பிவிட்டதை நினைத்து எனக்கு இன்னமும் வருத்தம் உண்டு. நாற்பத்தெட்டு வயதுக்காரர். இடது காது மட்டும் அடைத்திருந்தது, வலி இல்லை. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. சளியால் வந்ததாக இருக்கும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து வந்தார், மாத்திரையை மாற்றினேன். மூன்றாம் மாதம் வந்தபோது காதுக்குக் கீழே கழுத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்கு நெறி கட்டியிருந்தது. அன்றுதான் மூக்குக்குள் விட்டுப் பார்க்கும் குழாயான எண்டோஸ்கோப்பை எடுத்தேன். மூக்குக்குப் பின்னால், இடப்பக்கம், சதை வளர்ந்திருந்தது. மூக்குத்தொண்டைப் புற்றுநோய்.

மூக்குத் துவாரத்தின் வழியே நேராகப் பின்னோக்கிப் போனால், உள்நாக்குக்கு மேலே, மண்டையோட்டின் அடித்தளத்துக்குக் கீழே ஒரு சிறிய அறை இருக்கிறது. அதுதான் மூக்குத்தொண்டை. நடுக்காதுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் யூஸ்டேக்கியன் குழாய் அதன் பக்கச் சுவரில்தான் திறக்கிறது. அந்த வாயிலுக்குச் சற்றுப் பின்னே ஒரு பள்ளம், ரோசன்முல்லர் குழி என்று பெயர். இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் அங்கேதான் முளைக்கிறது. கட்டி வளரும்போது குழாயின் வாய் அடைபடும், நடுக்காதில் நீர் கோக்கும், காது மந்தமாகும். நாக்கை அழுத்திப் பிடித்து டார்ச் அடித்தால் இந்த இடம் தெரியாது. குழந்தைகளுக்குக் காதில் நீர் கோப்பது சாதாரணம், மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு என்ற சதையே பெரும்பாலும் காரணமாக இருக்கும். பெரியவர் ஒருவருக்கு ஒரே ஒரு காதில் நீர் கோத்து வாரக்கணக்கில் வடியாமல் இருந்தால் அது வேறு கதை. காலையில் காறித் துப்பும் சளியில் இரத்தக் கீற்று, ஒரு பக்கம் மட்டும் மூக்கடைப்பு ஆகியவையும் இதே அறையிலிருந்து வரும் செய்திகளாக இருக்கலாம்.

பலரை மருத்துவமனைக்கு அழைத்து வருவது மூக்கோ காதோ அல்ல, கழுத்து. இந்தப் பகுதியில் நிணநீர் நாளங்கள் மிக அடர்த்தி. மூல இடத்தில் கட்டி பட்டாணி அளவு இருக்கும்போதே செல்கள் தொண்டைக்குப் பின்னுள்ள நிணநீர்க் கணுக்களுக்கும், அங்கிருந்து மேல்கழுத்துக்கும் போய்விடும். பிறகு படிப்படியாகக் காறையெலும்பை நோக்கி இறங்கும், இரு பக்கமும் பரவும். வலிக்காது. வலிக்காததாலேயே பொருட்படுத்தாமல் இருந்துவிடுகிறார்கள். காசநோய் மிகுந்த நாடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. கழுத்தில் நெறி என்றதும் காசநோய் என்றே முடிவுகட்டி, பரிசோதனை இல்லாமலே மருந்து தொடங்கிவிடுவார்கள். மாதங்கள் வீணாகிவிடும்.

கட்டி மேல்நோக்கியும் போகும். நரம்புகள் வெளிவருவதற்காக மண்டையோட்டின் அடியில் உள்ள துளைகள் கட்டிக்கு வழியாகிவிடுகின்றன. ஆறாவது மூளை நரம்பு அழுத்தப்பட்டால் கண் வெளிப்பக்கம் திரும்பாது, பார்ப்பதெல்லாம் இரட்டையாகத் தெரியும். ஐந்தாவது நரம்பென்றால் கன்னம் மரத்துப்போகும். இரட்டைப் பார்வைக்காக இரண்டு முறை கண்ணாடி மாற்றிவிட்டு வந்தவரையும் பார்த்திருக்கிறேன். இரத்தத்தின் வழியே பரவினால் எலும்பு, நுரையீரல், கல்லீரல் ஆகியவையே முக்கிய இலக்குகள்.

ஏன் வருகிறது? 1964-இல் கண்டறியப்பட்ட எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. ஆனால் உலகில் பெரியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் உடலில் அந்த வைரஸ் இருக்கிறது, நோய் வருவதோ வெகு சிலருக்கே. தென்சீனா, தென்கிழக்கு ஆசியா, வட ஆப்பிரிக்கா, இந்தியாவில் நாகாலாந்து, மணிப்பூர் போன்ற பகுதிகளில் அதிகம். மரபணு, சிறு வயதிலிருந்து உண்ணும் சீனமுறை உப்புக் கருவாடு, புகை ஆகியவையும் சேர்ந்தே வேலை செய்கின்றன. பெண்களைவிட ஆண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். வைரஸ் எச்சிலில் தொற்றும், புற்றுநோய் தொற்றாது. நோயாளியின் தட்டையும் டம்ளரையும் ஒதுக்கி வைக்கும் வீட்டார் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து, பயாப்ஸி, அதாவது சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது. “கத்தி பட்டால் பரவிவிடுமாமே” என்று கேட்காத குடும்பம் குறைவு. எண்டோஸ்கோப் வழியாக மூல இடத்திலிருந்து எள்ளளவு சதை எடுப்பதால் நோய் பரவுவதில்லை. அந்தப் பயத்தில் ஒரு சிறு உண்மையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதால் முழுதாகச் சிரித்துத் தள்ளவும் மாட்டேன்: கழுத்தைக் கீறி நெறியை எடுத்துப் பார்ப்பதை இந்த நோயில் நாங்கள் கூடியவரை தவிர்க்கிறோம். மூக்கைப் பார்க்காமல் கழுத்தைத் திறப்பது தவறான வரிசை.

சிகிச்சை என்றதும் “எப்போது ஆபரேஷன்?” என்பார்கள். இங்கே கத்திக்கு முதலிடம் இல்லை. முக்கியமான நரம்புகளுக்கும் இரத்தக் குழாய்களுக்கும் நடுவே, மண்டையோட்டின் அடியில் இருக்கும் இடம் அது. நல்லவேளையாக இந்தப் புற்று கதிர்வீச்சுக்கு நன்றாகக் கட்டுப்படுகிறது. முகத்துக்கு அச்சாகப் பொருந்தும் வலை முகமூடியை மாட்டி, வாரம் ஐந்து நாள் வீதம் ஏறக்குறைய ஏழு வாரம், மொத்தம் 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவுக்குக் கொடுக்கிறார்கள். கதிரின் செறிவைக் கட்டியின் வடிவத்துக்கேற்ப மாற்றும் ஐ.எம்.ஆர்.டி. முறை வந்த பிறகு உமிழ்நீர்ச் சுரப்பிகளை ஓரளவு காப்பாற்ற முடிகிறது. முதல் நிலையில் கதிர்வீச்சு மட்டுமே போதும், பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டைக் கடக்கிறார்கள். முற்றிய நிலையில் கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் சேரும், பலருக்கு அதற்கு முன்பே ஜெம்சிட்டபின், சிஸ்பிளாட்டின் கீமோவும் உண்டு. திரும்பி வந்தாலும் பரவினாலும் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகள் இப்போது இருக்கின்றன. மூல இடத்தில் சிறிதாகத் திரும்பினால் எண்டோஸ்கோப் அறுவை சிகிச்சைக்கும் அப்போது இடம் உண்டு.

இரத்தத்தில் எப்ஸ்டீன்-பார் வைரஸின் டி.என்.ஏ. அளவைப் பார்ப்பது இன்னொரு துணை. ஹாங்காங்கில் அறிகுறியே இல்லாத 20,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் இந்தச் சோதனையைச் செய்து 34 பேருக்கு நோயைக் கண்டுபிடித்தார்கள், பெரும்பாலானவை ஆரம்ப நிலை. 2017-இல் வெளியான ஆய்வு அது. நோய் அரிதான இடங்களில் எல்லோருக்கும் இதைச் செய்வதில் பயனில்லை.

கதிர்வீச்சு தொடங்கும் முன் பல் மருத்துவரைப் பாருங்கள். ஆட்டம் கண்ட பல், சொத்தைப் பல் எல்லாவற்றையும் அப்போதே சரிசெய்துகொள்ள வேண்டும். பிற்காலத்தில் பல் பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து உண்டு, ஆகவே எந்தப் பல் மருத்துவரிடம் போனாலும் “கதிர்வீச்சு எடுத்தவன்” என்று முதலில் சொல்லுங்கள். வாய் உலர்ந்தே இருக்கும். தாடை இறுகாமலிருக்க வாயை அகலத் திறந்து மூடும் பயிற்சியைத் தினமும் செய்ய வேண்டும். தைராய்டு சுரப்பு மெல்லக் குறையலாம், அதற்கும் அவ்வப்போது இரத்தப் பரிசோதனை தேவை.

அந்த நாற்பத்தெட்டு வயதுக்காரருக்கு இப்போது ஐம்பத்தைந்து. கையில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. இடது காது முழுதாகத் திரும்பவில்லை, கதிர்வீச்சும் சிஸ்பிளாட்டினும் தம் பங்கை எடுத்துக்கொண்டன, கேட்கும் கருவி போட்டிருக்கிறார். காது மறுபடி அடைக்கிறது என்று போன மாதம் வந்தார். காதைப் பார்க்கும் முன்பே எண்டோஸ்கோப்பை எடுத்தேன். அவரும் ஒன்றும் கேட்காமல் தலையைச் சாய்த்துக்கொண்டார்.