உணர்மிகு குடல்: ‘ஐ.பி.எஸ்.’ என்ற பெயரின் பொருளும் பொருத்தமான தமிழும்

யாழ்ப்பாணத்தில் வயிற்றுக் கோளாறு எதுவானாலும் ‘காஸ்ரைற்றிஸ்’ என்று சொல்லிவிடுகிறோம். நெஞ்செரிவு, பொருமல், காலையில் மூன்று தரம் வெளிக்குப் போவது எல்லாமே அதில் அடங்கிவிடும். அச்சொல் குறிப்பது இரைப்பையின் உட்சுவர் அழற்சியை மட்டுமே. ஆண்டுக்கணக்கில் வந்து வந்து போகும், வழமையான பரிசோதனைகளில் ஒன்றும் அகப்படாத குடல் வருத்தத்துக்கு மருத்துவர் எழுதும் பெயர் வேறு: இரிற்றபிள் பவல் சிண்ட்ரோம், சுருக்கமாக ஐ.பி.எஸ்.

இப்பெயரில் வில்லங்கம் ‘இரிற்றபிள்’ என்ற முதற்சொல்லில் இருக்கிறது. பலரும் அதை ‘எரிச்சல் குடல்’ என்று எழுதுகிறார்கள். ஆனால் மருத்துவத்தில் இச்சொல்லுக்கு எரிவோடு தொடர்பில்லை. தூண்டினால் தசை சுருங்கும் இயல்புக்கு இப்பெயரை 1752இல் நிலைநாட்டியவர் சுவிற்சர்லாந்து உடலியலாளர் அல்பிரெக்ட் ஃபொன் ஹாலர். நமது உயிரியல் பாடநூல்களில் வரும் ‘உறுத்துணர்ச்சி’ இதே கருத்துத்தான். ‘சிண்ட்ரோம்’ கிரேக்கச் சொல். சேர்ந்து ஓடுவது என்று பொருள். கூட்டாக வரும் அறிகுறிகளை அது குறிக்கிறது. சேர்ந்து அமைந்த முழுப்பெயர் 1944இல் பீற்றர்ஸ், பார்கன் என்ற இருவரின் கட்டுரைத் தலைப்பாக வந்து பரவியது. குடல் நோய் வல்லுநர்களின் பன்னாட்டுக் குழு வகுக்கும் ‘ரோம்’ வரையறைகளில் 2016இல் வெளியான நான்காவது, இவ்வகை வருத்தங்கள் அனைத்தையும் ‘குடல்–மூளை ஊடாட்டக் கோளாறுகள்’ என்று அழைக்கிறது.

‘எரிச்சல்’ என்று சொன்னதால் விளைந்த கேட்டை மருந்துக்கடைகளில் காணலாம். எரிவு என்றால் அமிலம் என்று எண்ணி, மாதக்கணக்கில் ஒமெப்பிரசோல் விழுங்குகிறார்கள். அது இரைப்பை அமிலத்தைக் குறைக்கும். பெருங்குடலின் உணர்வைத் தொடாது.

சித்த மருத்துவத்தின் ‘குன்மம்’ பொருந்துமா? வடமொழிக் ‘குல்ம’த்திலிருந்து வந்த அச்சொல்லின் கீழ் எட்டு வகைகள் உண்டு, இன்று நாம் வயிற்றுப்புண் என்பதும் அதற்குள் அடங்கும். எல்லை மிக அகலம். ஆகவே, தூண்டலை மிகையாக உணரும் குடல் என்ற பொருளில் ‘உணர்மிகு குடல்’ என்பதையே நாம் பரிந்துரைக்கிறோம். இதை உள்ளடக்கும் பெருங்குழுவுக்குத் ‘தொழிற்பாட்டுக் கோளாறு’ சரியான பெயர்: உறுப்பின் அமைப்பு கெடவில்லை, தொழிற்பாடு மாறியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் அமைப்பியலுக்கு ‘அங்காதிபாதம்’ என்றும் உடற்றொழிலியலுக்குச் ‘சுகரணவாதம்’ என்றும் பெயர் கொடுத்தார். அவர் மொழியில் சொன்னால், இங்கே பிழை அங்காதிபாதத்தில் இல்லை, சுகரணத்தில் இருக்கிறது. ஆனால் வலி மெய்யான வலி. குடலுக்குள் சிறு பலூனை ஊதிப் பார்த்த ஆய்வுகளில், பிறருக்கு உறைக்காத அளவு காற்றே இவர்களில் பலருக்கு வலித்தது. “எல்லாம் மனசுதான்” என்று இவர்களை அனுப்பிவிடுவது அநியாயம்.

ரோம் வரையறை இது: கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக வாரம் ஒரு நாளாவது வயிற்றுவலி இருக்கவேண்டும். அந்த வலி வெளிக்குப் போவதோடு தொடர்புபடுவது, போகும் தடவைகள் மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது ஆகிய மூன்றில் இரண்டு சேரவேண்டும். தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்கவேண்டும். கடும் வயிற்றோட்டம் ஒன்று வந்து மாறிய பிறகு தொடங்குவதும் உண்டு.

சாப்பாட்டில் முதலில் பார்க்கவேண்டியவை உள்ளியும் வெங்காயமும். இவற்றிலுள்ள பிரக்ரன் என்ற காபோவைதரேற்று சிறுகுடலில் சமிபாடடையாது. பெருங்குடலில் பற்றீரியா அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். உணர்மிகு குடலுக்கு அந்த விரிவே வலி. பிரக்ரன் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே சொதியில் கொதிக்கவிட்ட வெங்காயத்தை அரித்தெடுத்துப் பயனில்லை, அது ஏற்கெனவே சொதிக்குள் இறங்கிவிட்டது. உள்ளியை எண்ணெயில் பொரித்துப் பல்லை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் மட்டும் வரும். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியும் பாதகமில்லை. கோதுமைப் பாணிலும் பிரக்ரன் உண்டு. அரிசிமா இடியப்பமும் பிட்டும் தாங்கும். பால்தேத்தண்ணீரில் லக்ரோஸ் என்ற பாற்சர்க்கரை, மாம்பழத்தில் மிகுதிப் பிரக்ரோஸ் என்ற பழச்சர்க்கரை: சிறுகுடலில் முழுதாக உறிஞ்சப்படாவிட்டால் இவையும் அவ்வாறே புளித்து வாயுவாகும். மிளகாயின் காரப்பொருளான கப்சைசினோ வலியுணர் நரம்பு முனைகளை நேரடியாகத் தூண்டும். கறித்தூளைப் பாதியாகக் குறைத்துப் பார்க்கலாம்.

எல்லாவற்றையும் நிரந்தரமாக விலக்குவதுதான் பெரும்பிழை. மெல்பேர்ணின் மொனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த முறையில் விலக்கல் இரண்டு முதல் ஆறு வாரம் மட்டுமே. பிறகு ஒவ்வொரு வகையாக, மூன்று நாட்களில் அளவைக் கூட்டிக் கூட்டிச் சோதித்து, ஒத்துவருவதை மீண்டும் சேர்த்துக்கொள்ளவேண்டும். மெலிந்தவர்கள் இதைத் தனியே செய்யக்கூடாது. மலச்சிக்கல் உள்ளவர்கள் இசப்கோல் உமியை ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, ஒரு கோப்பை தண்ணீரோடு எடுத்து, மெல்லக் கூட்டலாம். கோதுமைத் தவிடு பலருக்குப் பொருமலைக் கூட்டும்.

மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், நித்திரையிலிருந்து எழுப்பும் வயிற்றோட்டம், காய்ச்சல், இரத்தச்சோகை, ஐம்பது வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்குதல், குடும்பத்தில் குடற்புற்றுநோய் – இவற்றில் ஒன்று இருந்தாலும், முழுமையாகப் பரிசோதிக்கும்வரை ‘உணர்மிகு குடல்’ என்ற பெயரை யாரும் தனக்குத்தானே சூட்டிக்கொள்ளக்கூடாது.