யூஆர்எல்: இணைய முகவரியா, இடங்காட்டியா?

இணைய இணைப்பே இல்லாத ஒரு கணினியில் ‘வரவு செலவு’ என்று பெயரிட்ட கோப்பைத் திறக்க முயன்றபோது, தமிழாக்கம் செய்யப்பட்ட ஒரு மென்பொருள் ‘இணைய முகவரி தவறு’ என்றது. கோப்போ அந்தக் கணினியின் வட்டிலேயே இருந்தது. யூஆர்எல் என்று கண்ட இடமெல்லாம் இணைய முகவரி என்று எழுதிச் செல்லும் பழக்கத்தைப் பல தமிழாக்கங்களில் பார்த்துச் சலித்துவிட்டேன்.

யூனிஃபார்ம் ரிசோர்ஸ் லொக்கேட்டர், அதாவது ஒரு வளம் இருக்கும் இடத்தைச் சீரான முறையில் காட்டுவது, என்பதன் சுருக்கமே யூஆர்எல். 1994 டிசம்பரில் வெளியான ஆர்எஃப்சி 1738 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் அதை வரையறுத்தது. இணையப் பக்கத்துக்குரிய ‘எச்டிடிபி’ முன்னொட்டோடு, கணினியிலுள்ள கோப்பைச் சுட்டும் ‘ஃபைல்’ முன்னொட்டும் அதிலேயே இடம்பெற்றிருக்கிறது.

யூஆர்எலுக்குச் சிலர் வழங்கும் ‘உரலி’ என்ற ஆக்கத்தையும் என்னால் ஏற்க இயலவில்லை. ஆங்கில எழுத்துகளின் ஒலியைத் தமிழ் விகுதியோடு ஒட்டவைத்த சொல் அது. கேட்பவருக்கு உரல் நினைவுக்கு வருமே தவிர, ஒன்று இருக்கும் இடம் நினைவுக்கு வராது. தமிழ் வேரிலிருந்து பொருள் தராத சொல்லைத் தூய தமிழ் என்று கொண்டாடுவது முறையன்று.

யூஆர்எல், கோப்பின் பாதை (பாத்) இரண்டுக்கும் ‘பாதை’ என்றே சொன்னால் என்ன என்று கேட்போரும் உண்டு. அது நிரல் எழுதுவோரைத் தவறான வழியில் செலுத்தும். பாதை என்பது அடைவு (ஃபோல்டர்) அடைவாக இறங்கிக் கோப்பை அடையும் வழி மட்டுமே. யூஆர்எல், எந்த முறையில் அணுக வேண்டும் என்பதையும் முன்னொட்டால் சொல்கிறது. நிரல் எழுதுவோருக்கு ஆப்பிள் தரும் ஃபவுண்டேஷன் என்ற நிரல் நூலகம் இரண்டையும் ஏற்றாலும், கணினியிலுள்ள கோப்புகளுக்கும் யூஆர்எலையே ஆப்பிள் பரிந்துரைக்கிறது. ஆனால் புதியவர்கள் பாதையை அப்படியே யூஆர்எல் சரமாக (எழுத்துத் தொடராக)க் கொடுத்துவிட்டு, முன்னொட்டு இல்லாததால் கோப்பு திறக்காதது புரியாமல் திகைக்கிறார்கள். பாதையில் சொற்களுக்கு இடையிலான வெற்றிடம் (ஸ்பேஸ்) வெற்றிடமாகவே நிற்கும். யூஆர்எலில் அது %20 ஆக வேண்டும். ‘தமிழ்’ என்ற கோப்புப் பெயர் யுனிகோடில் 5 குறியீடுகள், யூடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகள். யூஆர்எலுக்குள் ஒவ்வொரு பைட்டும் %20 போல மூன்று குறிகளாவதால், அதுவே 45 குறிகளாக நீளும். இவ்வளவு வேறுபட்ட இரண்டுக்கும் ஒரே சொல் போதாது.

நாட்காட்டி, திசைகாட்டி, வழிகாட்டி என்று காட்டுவதற்குத் தமிழில் நல்ல வழக்கு இருக்கிறது. அவ்வழியில் லொக்கேட்டருக்கு ‘இடங்காட்டி’ என்பதே பொருந்தும். கோப்பானால் கோப்பு இடங்காட்டி, வலைப்பக்கமானால் வலை இடங்காட்டி. பாதை பாதையாகவே இருக்கட்டும். திரையைப் பாராமல் சொற்பட்டியலை மட்டும் வைத்து மொழிபெயர்ப்பவர்களுக்கும் இந்தப் பிரிப்பு தடுமாற்றத்தைக் குறைக்கும். ‘கோப்பு இடங்காட்டி தவறு’ என்று அந்த மென்பொருள் சொல்லியிருந்தால், நான் இணைய இணைப்பைத் தேடியிருக்க மாட்டேன். ‘வரவு’க்கும் ‘செலவு’க்கும் இடையிலிருந்த வெற்றிடத்தையே முதலில் பார்த்திருப்பேன்.